மண்டைக்குள் அமுக்கம் ஏறினால்: லயத்திலிருந்து சத்திரசிகிச்சைக் கூடம் வரை வரிசைப்படி செய்யவேண்டியவை

மலையகத் தேயிலைத் தோட்ட வைத்திய உதவியாளர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள், சிறிய ஆஸ்பத்திரிகளில் வேலை பார்க்கும் தாதிகள், லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) நோயாளியோடு கூடப் போகும் உறவினர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். மண்டைக்குள் அமுக்கம் ஏறிய நோயாளியின் கதி பல வேளைகளில் கண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே முடிவாகிவிடுகிறது. மருந்து இல்லாததைவிட, செய்யவேண்டியதை வரிசை மாற்றிச் செய்வதால்தான் இங்கே இழப்பு அதிகம்.

1. எதைக் காப்பாற்றுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வளர்ந்தவரின் மண்டையோடு விரிந்து கொடுக்காது. உள்ளே ஏறத்தாழ 80 சதவீதம் மூளை, 10 சதவீதம் இரத்தம், 10 சதவீதம் மூளைத் தண்டுவட நீர். இரத்தக் கட்டி, வீக்கம், கழலை, சீழ், வடியாத நீர் என எது கூடினாலும் மற்ற இரண்டில் ஒன்று இடம்விட வேண்டும். முதலில் நீரும் நாள இரத்தமும் வெளியேறி இடம் கொடுக்கும். அந்த இடம் தீர்ந்ததும் அமுக்கம் மடமடவென ஏறும். பகல் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தவர் அரை மணி நேரத்தில் நினைவிழப்பது இதனால்தான்.

படுத்திருக்கும் வளர்ந்தவருக்கு இந்த அமுக்கம் 7 முதல் 15 வரை (மி.மீ. பாதரசம்) இருப்பது வழமை. தலைக்காயத்தில் 22ஐத் தாண்டினால் சிகிச்சை தேவை. மூளைக்கு இரத்தத்தைத் தள்ளும் விசை என்பது சராசரி இரத்த அமுக்கத்திலிருந்து மண்டைக்குள் உள்ள அமுக்கத்தைக் கழித்தால் கிடைப்பது. சராசரி 90, உள்ளே 15 என்றால் 75 மிஞ்சும். உள்ளே 40 ஆனால் 50தான். 60க்குக் கீழே போனால் மூளை இரத்தமின்றி வாடத் தொடங்கும். அதே நேரம் பிரஷரும் (இரத்த அமுக்கமும்) விழுந்தால் என்ன மிஞ்சும் என்பதை நீங்களே கழித்துப் பாருங்கள். இந்த ஒரு கழித்தல் கணக்கு மனதில் நின்றால் கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் காரணம் புரியும்.

2. டிஸ்பென்சரியில் முன்பே இருக்கவேண்டியவை

விரலில் மாட்டும் ஒக்சிஜன் மானி, பிரஷர் கருவி, சீனி பார்க்கும் கருவி, சிறு டோர்ச், வாயை உறிஞ்சித் துப்புரவாக்கும் கருவி, பை பொருத்திய ஒக்சிஜன் முகமூடி, நிரம்பிய சிலிண்டர், 180 செ.மீ. நீளமான பலகை அல்லது ஸ்ட்ரெச்சர், பட்டிகள், நான்கு கம்பளி. இவற்றோடு நேரம் எழுதக் கோடு போட்ட தாளும் பேனாவும். தாள்தானே என்று விடாதீர்கள்.

சிலிண்டர் எவ்வளவு நேரம் தாங்கும் என்று முன்பே கணக்குப் போட்டு அதன்மேல் ஒட்டி வையுங்கள். 340 லீற்றர் கொள்ளும் சிலிண்டரை நிமிடத்துக்கு 10 லீற்றர் வீதம் திறந்தால் 34 நிமிடத்தில் தீர்ந்துவிடும். நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு ஏறத்தாழ 77 கிலோமீற்றர். அதற்கு ஒரு சிலிண்டர் போதவே போதாது.

3. சந்தேகப்படக் கற்றுக்கொள்ளுங்கள்

விடியற்காலையில் கூடுதலாகவும், படுத்தால், இருமினால், முக்கினால் அதிகமாகவும் வரும் தலைவலி. குமட்டல் இல்லாமலே சட்டென வரும் வாந்தி. இரட்டைப் பார்வை. குனிந்து நிமிரும்போது சில விநாடி கண் இருளுதல். இவை மெதுவாக ஏறும் அமுக்கத்தின் அடையாளங்கள். பனி, குளிர், பித்தம், பீனிசம் என்று தைலம் தேய்த்து வாரக்கணக்கில் காத்திருப்பதுதான் இங்கே அதிகம் நடக்கிறது. தைலம் கெடுதல் செய்யாது, கடந்துபோகும் நாட்கள்தான் கெடுதல். இரண்டாவது வாரமும் தொடரும் இப்படியான தலைவலிக்குக் கண்ணின் பின்புறத்தை ஒரு டொக்டர் பார்த்தே ஆகவேண்டும். காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்தால் ஒருநாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.

கைக்குழந்தைக்கு அடையாளம் வேறு. மண்டை எலும்புகள் இன்னும் பொருந்தாததால் உச்சி புடைக்கும், தலை வேகமாகப் பெருக்கும், கண்கள் கீழ்நோக்கிச் செருகியபடி இருக்கும். அழாமல் நிமிர்ந்து இருக்கும் பிள்ளையின் உச்சியைத் தொட்டுப் பாருங்கள். அழும்போது எந்தப் பிள்ளைக்கும் உச்சி புடைக்கும். வளர்ச்சிக் கொப்பியில் தலைச்சுற்றளவுக் கோடு மேல்நோக்கித் தாவினால் எடை சரியாக இருக்கிறது என்று திருப்திப்பட வேண்டாம்.

தலைக்காயத்தில் மிக முக்கியமான அடையாளம் தூக்கம். நிழல்மரக் கிளை வெட்டும்போது விழுந்தவர், வழுக்குப் படியில் பின்மண்டை அடிபட்டவர், முச்சக்கரவண்டி புரண்டு அடிபட்டவர் எழுந்து நடந்து, தேத்தண்ணி கேட்டு, பிறகு “கொஞ்சம் படுக்கிறேன்” என்பார். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் இடையில் இரத்தம் கட்டும்போது இப்படித் தெளிவான ஒரு இடைவேளை வரும். அந்தத் தூக்கத்தைத் தூக்கமாக எடுக்கக்கூடாது.

சாராய வாசனை வந்தால் இன்னும் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். “குடிச்சிருக்கான், தெளியட்டும்” என்று லயத்து வாசலில் போர்த்திவிட்ட ஆள் விடியும்போது எழும்பாமல் போவது மலையகத்தில் எல்லாருக்கும் தெரிந்த துயரம். குடித்தவர் நேரம் போகப்போகத் தெளிய வேண்டும். போகப்போக மயங்குகிறார் என்றால் அது குடி அல்ல. குடித்தவருக்கும் குடிக்காதவருக்கும் ஒரே விதி: அடிபட்ட தலை, கூடிவரும் மயக்கம், உடனே ஆஸ்பத்திரி.

ஒரு கண்மணி பெரிதாகி வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நிற்பதும், பிரஷர் ஏறி நாடி குறைந்து மூச்சு தாறுமாறாவதும் கடைசிக் கட்ட அடையாளங்கள். அவை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

4. மூச்சு, பிரஷர், சீனி: இந்த வரிசையில்

முதலில் மூச்சு. வாயில் இரத்தமோ வாந்தியோ இருந்தால் துடைத்து உறிஞ்சி எடுங்கள். அடிபட்டவரின் கழுத்தை வளைக்காமல், தாடையை மட்டும் முன்னுக்குத் தள்ளி மூச்சு வழியைத் திறவுங்கள். குறட்டைச் சத்தத்தோடு மூச்சு விட்டால் வழி பாதி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம், நன்றாகத் தூங்குகிறார் என்றல்ல. மூச்சு தடைப்பட்டால் கரியமில வாயு ஏறும், அதனால் மூளைக் குழாய்கள் விரிந்து அமுக்கம் இன்னும் கூடும்.

ஒக்சிஜன் அளவு 94க்கு மேல் இருக்கவேண்டும். 90க்குக் கீழே போகும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்குச் சேதம். காலை மலையில் நின்று வந்தவரின் விரல் பனியில் விறைத்திருக்கும், மானி 82 என்றோ வெறும் கோடாகவோ காட்டும். கையைத் துடைத்து, கம்பளிக்குள் வைத்துச் சூடாக்கி, திரும்பப் பாருங்கள், அல்லது காதுமடலுக்கான மானியைப் போடுங்கள். திரும்பப் பார்க்கும்வரை ஒக்சிஜனைக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

அடுத்தது பிரஷர். மேல் அளவு 110க்குக் கீழே இறங்கவிடாதீர்கள். இறங்கினால் வேறெங்கோ இரத்தம் போகிறது, வயிறு, இடுப்பு, தொடை எல்லாம் தேடுங்கள். வெளிக்காயத்தை அழுத்திக் கட்டுங்கள். நாளம் வழியே 0.9 சதவீத சேலைன் ஏற்றுங்கள். 5 சதவீத குளுக்கோஸ் போத்தலைத் தூக்காதீர்கள். அதிலுள்ள சீனி எரிந்ததும் மிஞ்சும் வெறுந்தண்ணீர் மூளைக்குள் ஊறி வீக்கத்தைக் கூட்டும்.

பிரஷர் 190, 200 என்று காட்டினால் பதறி, பிரஷரை இறக்கும் நிஃபெடிபினை நாக்கின்கீழ் வைப்பது பெரிய பிழை. உள்ளே ஏறிய அமுக்கத்தை எதிர்த்து மூளைக்கு இரத்தம் அனுப்ப உடம்பே பிரஷரை ஏற்றியிருக்கலாம். அதைச் சடாரென இறக்கினால் முதலாம் படியில் சொன்ன கணக்கு என்னாகும்? ஸ்கேன் பார்த்தபின் டொக்டர் முடிவெடுக்கட்டும்.

பிறகு சீனி. 70க்குக் கீழே என்றால் மயக்கத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். நாளம் வழியே செறிந்த குளுக்கோஸ் கொடுங்கள், இங்கே மட்டும் குளுக்கோஸ் சரி. வாயால் தேத்தண்ணி, சீனித்தண்ணி, மாத்திரை எதுவும் கூடாது, புரையேறும். வலிக்கு அஸ்பிரினோ டைக்லோஃபெனக்கோ கொடுத்தால் இரத்தக் கசிவு கூடும்.

5. தலையும் கழுத்தும்

மூளையிலிருந்து இரத்தம் கழுத்து நாளங்கள் வழியே இறங்குகிறது. அந்த வழி திறந்திருந்தால் அமுக்கம் குறையும். தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்துங்கள். பாகைமானி தேவையில்லை: இடுப்பிலிருந்து உச்சி வரையுள்ள நீளத்தில் பாதி உயரம் வந்தால் 30 பாகை. முதுகு முழுவதையும் தாங்கும்படி கம்பளியை அடுக்குங்கள். தலைக்கு மட்டும் தலையணை வைத்தால் கழுத்து மடிந்து நாளமும் மூச்சும் அடைபடும்.

விழுந்து அடிபட்டவருக்குக் கழுத்தெலும்பும் முறிந்திருக்கலாம். அவரை இடுப்பில் மடிக்காமல் பலகையோடு சரிவாக்குங்கள். 180 செ.மீ. பலகையில் தலைப்பக்கத்தை 45 செ.மீ. உயர்த்தினால் ஏறத்தாழ 15 பாகை வரும், அது போதும். பிரஷர் குறைந்திருந்தால் மட்டமாகவே கிடத்துங்கள். தலையை உயர்த்தினால் மூளைக்குப் போகும் இரத்தம் இன்னும் குறையும்.

மூக்கும் தொப்புளும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும், தலை ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்க நாளம் நெரியும். கழுத்தைச் சுற்றிய சால்வை, சட்டைப் பொத்தான், தாலிக்கொடி, தலைத்துண்டின் முடிச்சு எல்லாவற்றையும் தளர்த்துங்கள். கொழுந்து எடுக்கும் பெண் என்றால் இடுப்பில் படங்கை (நனையாமல் சுற்றும் தடித்த விரிப்பை) இறுக்கிய கயிற்றையும் அவிழ்க்க வேண்டும். வயிற்றை இறுக்கும் கயிறும் நாளங்கள் வழியாக அமுக்கத்தை மேலே ஏற்றும். இதை யாரும் யோசிப்பதில்லை, கம்பளிக்கு அடியில் கயிறு ஆஸ்பத்திரி வரை அப்படியே போகிறது.

வாந்தி வந்தால் தலை, கழுத்து, முதுகு ஒன்றாக அசையும்படி மூன்று பேர் சேர்ந்து பக்கவாட்டில் திருப்புங்கள். மூச்சைக் காப்பதற்காக இந்தப் படியின் மற்றெல்லா விதியையும் மீறலாம்.

6. நேரத்தை எழுதுங்கள்

அடிபட்ட நேரம், கடைசியாகத் தெளிவாகப் பேசிய நேரம், வாந்தி, வலிப்பு. அதன்பின் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, பிரஷர், மூச்சு, ஒக்சிஜன், இரு கண்மணி, நினைவு. கண்மணியைப் பார்க்கும்போது டோர்ச்சைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவாருங்கள். நேர் முன்னால் அடித்தால் நோயாளி கண்ணை இறுக்கிக்கொள்வார்.

நினைவை கிளாஸ்கோ அளவில் எழுதுங்கள்: கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15. மொத்தத்தோடு மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். 8 அல்லது அதற்குக் கீழே வந்தவரால் தன் மூச்சு வழியைத் தானே காத்துக்கொள்ள முடியாது. ஓர் எண்ணைவிட அது இறங்கும் வேகம்தான் டொக்டருக்கு அதிகம் சொல்லும். 14 என்று தொடங்கி 40 நிமிடத்தில் 11 ஆன தாளைக் கையில் வாங்கியவர் ஸ்கேனுக்கு வரிசையில் நிற்க விடமாட்டார்.

பேச்சுக்கான புள்ளியை அவர் மொழியில்தான் போடவேண்டும். சிங்களம் தெரியாத அம்மாவிடம் சிங்களத்தில் கேட்டுவிட்டு “குழம்பிய பேச்சு” என்று 4 போட்டால் புள்ளி தவறு. தமிழில் பெயர், கிழமை, எந்த டிவிசன் (தோட்டப் பிரிவு) என்று கேட்டு, தமிழில் கேட்டதாகத் தாளிலும் குறியுங்கள். கூடப் போகிறவர் வரிசையில் முதலில் நிற்கவேண்டியவர் சிங்களமும் பேசத் தெரிந்த உறவினர்.

7. 1990ஐ அழைப்பதும் ரோட்டுக்கு இறக்குவதும்

நான்காம் படியை ஒருவர் தொடங்கும்போதே இன்னொருவர் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழைக்கவேண்டும். தோட்டத்தின் பதிவான பெயரைச் சொல்லுங்கள். நாம் வாயால் வழங்கும் தமிழ்ப் பெயர் வரைபடத்தில் இராது. டிவிசன், தொழிற்சாலை, பக்கத்துக் கோயில், பஸ் நிற்கும் சந்தி, வாகனம் எதுவரை ஏறமுடியும் என்பதையும் சொல்லி, சந்தியில் ஒரு ஆளை நிறுத்துங்கள்.

லயத்திலிருந்து ரோட்டுக்குப் பாதை செங்குத்தாக இருந்தால் ஒரே விதி: தலை எப்போதும் மேட்டுப் பக்கம். இறங்கும்போது கால் முன்னே போகவேண்டும், ஏறும்போது தலை முன்னே. குறைந்தது ஆறு பேர், அதில் ஒருவர் தலையோடு நடந்து முகத்தையே பார்த்தபடி வரட்டும். தோளில் சாக்குத்துணியில் தூக்கினால் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் முட்டும். பலகை இல்லாவிட்டால் கதவைக் கழற்றுங்கள்.

8. வாகனத்தில்

அம்புலன்சில் நோயாளியின் தலை சாரதி பக்கம் இருக்கும். நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கண்டி 500 மீற்றர் அளவில். ரம்பொடை, புசல்லாவை, கம்பளை என்று வழி பெரும்பாலும் இறக்கம்தான், இறக்கத்தில் தலைப்பக்கம் தாழும். பத்துக்கு ஒன்று சரிவு என்றால் ஏறத்தாழ 6 பாகை குறைந்து, நீங்கள் வைத்த 30 பாகை 24 ஆகிவிடும். புறப்படும் முன்பே முதுகுத் தாங்கியை இன்னொரு படி உயர்த்துங்கள், பலகை என்றால் தலைப்பக்கம் இன்னொரு கம்பளி.

சடுதியாகப் பிரேக் போட்டால் உடம்பு முழுவதும் தலைப்பக்கம் நழுவும். இடுப்பையும் தொடையையும் பட்டியால் கட்டி, சாரதியிடம் வளைவுகளில் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். ஓட்டத்தில் மிஞ்சும் பத்து நிமிடத்தைவிட வழியில் புரையேறாமல் போவது பெறுமதியானது.

வேறொரு வாகனத்தில்தான் போகவேண்டும் என்றால் லொறியோ வேனோ பாருங்கள். முச்சக்கரவண்டியில் மடியில் கிடத்திக்கொண்டு போனால் கழுத்து வளைந்தே இருக்கும்.

9. முதல் ஆஸ்பத்திரியில்

இங்கே செய்வது நேரம் வாங்கும் சிகிச்சை. ஸ்கேனும் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணரும் எங்கே என்று கேட்டுத் தொலைபேசியில் பேசுவதும் மருந்தும் ஒன்றாக நடக்கவேண்டும். மருந்து முடியட்டும், பிறகு பேசலாம் என்று இருக்காதீர்கள். கண்டி தேசிய வைத்தியசாலைக்கு அனுப்புவதென்றால் அங்கே பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது யார் என்பதும் கடிதத்தில் இருக்கட்டும்.

நினைவு இறங்கினாலோ கண்மணி விரிந்தாலோ டொக்டரின் கட்டளைப்படி, மூளையிலிருந்து நீரை இழுத்து அமுக்கத்தை இறக்கும் மனிட்டோல்: கிலோவுக்கு 0.25 முதல் 1 கிராம் வரை, 15 முதல் 20 நிமிடத்தில். 20 சதவீத மனிட்டோலில் 100 மி.லீ.க்கு 20 கிராம். 60 கிலோ ஆளுக்கு கிலோவுக்கு அரைக் கிராம் என்றால் 30 கிராம், அதாவது 150 மி.லீ. சொட்டுச் சொட்டாக இரண்டு மணிநேரம் ஓடவிட்டால் இழுக்கும் சக்தி போய்விடும்.

மலைநாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்று: குளிரில் மனிட்டோல் பளிங்காக உறையும். மார்கழி, தை இரவுகளில் அலமாரியிலிருந்து எடுக்கும் போத்தலின் அடியில் ஊசி ஊசியாய் மின்னும். அப்படியே ஏற்றக்கூடாது. சுடுநீரில் வைத்துக் குலுக்கி முழுதாகக் கரைத்து, உடல் சூட்டுக்கு ஆறவிட்டு, வடிகட்டி பொருத்திய குழாயில் ஏற்றுங்கள். இதற்குப் பத்து, பதினைந்து நிமிடம் போகும். ஆகவே பின்னேர டியூட்டி தொடங்கும்போதே போத்தல்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, சூடான அறைக்கு மாற்றிவிடுங்கள்.

மனிட்டோல் சிறுநீரை அள்ளி வெளியேற்றும், எனவே சலக்குழாய் கட்டாயம். பிரஷர் குறைந்தவருக்கு மனிட்டோல் பொருந்தாது. அவருக்கு 3 சதவீத சேலைனை நிபுணர் தெரிவு செய்யலாம்.

செய்யக்கூடாதவை மூன்று. தலைக்காயத்துக்கு ஸ்டீரொயிட் கொடுக்காதீர்கள். 10,000க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து 2004இல் வெளிவந்த கிராஷ் ஆய்வில் ஸ்டீரொயிட் பெற்றவர்களில் 21 சதவீதமும் பெறாதவர்களில் 18 சதவீதமும் இரண்டு வாரத்துக்குள் இறந்தார்கள். கழலையைச் சுற்றிய வீக்கத்துக்கு டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் பயன்படும், அது வேறு விடயம். இரண்டாவது, அமுக்கம் ஏறிய சந்தேகம் இருக்கையில் ஸ்கேனுக்கு முன் முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்காதீர்கள். கீழே நீர் குறைந்தால் மூளை கீழ்நோக்கிப் பிதுங்கும். ஆனால் மூளைக்காய்ச்சல் என்று சந்தேகித்தால் கிருமிக்கொல்லி ஊசியை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். மூன்றாவது, பையால் மூச்சுக் கொடுக்கும்போது வேகமாக அமுக்காதீர்கள். கரியமில வாயு மிகக் குறைந்தால் மூளைக் குழாய் சுருங்கி இரத்தமே போகாது. வளர்ந்தவருக்கு நிமிடத்துக்கு 10 முதல் 12 தடவை போதும்.

காய்ச்சலை இறக்குங்கள், வலிப்பை உடனே நிறுத்துங்கள், வலியைக் கவனியுங்கள். மூன்றுமே மூளையின் ஒக்சிஜன் தேவையைக் கூட்டுபவை.

10. ஸ்கேனுக்குப் பின்

இரத்தக் கட்டி என்றால் திறந்து எடுப்பார்கள். நீர் தேங்கியிருந்தால் குழாய் வைத்து வடிப்பார்கள். எதற்கும் அடங்காத வீக்கத்துக்கு மண்டையோட்டில் ஒரு துண்டைக் கழற்றி இடம் கொடுப்பதும் உண்டு. கையெழுத்துப் போடும் முன் உறவினர் கேட்கவேண்டியவை: எதை எடுக்கிறீர்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும், கண் விழித்தாலும் எந்தக் குறை மிஞ்சலாம். தமிழில் விளங்கும்வரை கேளுங்கள், அது உங்கள் உரிமை.

11. வீட்டுக்கு வந்தபின்

ஸ்கேன் தேவையில்லை என்று அனுப்பப்பட்டவரோடு முதல் 24 மணிநேரம் ஒரு பெரியவர் கூடவே இருக்கவேண்டும். தூங்கலாம், ஆனால் எழுப்பினால் எழும்பிப் பெயர் சொல்லவேண்டும். வாந்தி, கூடும் தலைவலி, மயக்கம், கை கால் தளர்ச்சி, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் என்றால் திரும்ப ஆஸ்பத்திரி. வலிக்குப் பனடோல் மட்டும். 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கு ஒரு தடவைக்கு கிலோவுக்கு 15 மி.கி. என்று கணக்கிடுங்கள். 40 கிலோ அம்மாவுக்கு 500 மி.கி. மாத்திரை ஒன்று போதும், இரண்டு வேண்டாம்.

வயதானவர்கள், நெடுநாள் குடித்தவர்கள், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர்களை மூன்று நான்கு வாரம் கவனியுங்கள். சின்ன விழுகைக்குப் பின்னும் மெதுவாக இரத்தம் சேரலாம். தாத்தா நடக்கத் தடுமாறுகிறார், பேச்சு மாறுகிறது என்றால் வயசு என்று சொல்லாமல் ஸ்கேனுக்குக் கொண்டுபோங்கள். சத்திரசிகிச்சையால் பெரும்பாலும் குணமாகும் நோய் இது.

தலையிலிருந்து வயிற்றுக்கு நீர் வடியும் குழாய் வைத்த பிள்ளை இருந்தால், வாந்தியும் சோர்வும் வந்தால் வயிற்றுக்கோளாறு என்று எடுப்பதற்கு முன் குழாய் அடைத்திருக்குமோ என்று பார்க்கவேண்டும். குழாய் போன வழியில் சிவப்போ காய்ச்சலோ கிருமித் தொற்றாக இருக்கலாம். கிளினிக் கொப்பியையும் ஸ்கேன் படங்களையும் பொலித்தீன் பையில் போட்டு, லயத்துக் கூரை ஒழுகாத இடத்தில், கதவுக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள். பிள்ளை மடுவத்து (தோட்டக் குழந்தைகள் காப்பகத்து) ஆயாவுக்கும் பாடசாலை ஆசிரியருக்கும் இந்த அடையாளங்களையும் 1990 இலக்கத்தையும் எழுதிக் கொடுங்கள்.